திறந்த சீட்டும் மூடிய சீட்டும்



விழாக் குழுவினர் 'நளன் கதையில் சூது' என்னும் பொருளில் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு நளன் கதையின் தமிழ் வடிவங்களைப் பற்றியது. ஆதலால் அது எனக்கு எளிய பொருள். ஆயத்தம் ஏதுமின்றி ஒரு மணி நேரம் பேசிவிடலாம். பல மேடைகளில் அவ்வாறு பேசியும் இருக்கிறேன். இன்று அந்தப் பேச்சைப் பேசப் போவதில்லை. சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். எதிரில் இருப்பவன் முன்னால் நான்கு சீட்டுகள் திறந்து கிடக்கின்றன. நான்கும் சேர்ந்து அச்சுறுத்துகின்றன. என் கையில் இருப்பதும் மோசமில்லை. மேலும் பணம் கட்டுவதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதா? நான் எடுத்துக்கொண்ட பொருள் இந்த ஒரு கேள்விதான். தமிழாசிரியை மேடையேறிப் பேசும் பொருளா இது என்று முன்வரிசையில் இருவர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பொறுத்தருள வேண்டும். நளன் பின்னால் வருவான்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரை நினைத்துப் பாருங்கள். 1017ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த ஊர் என்று உலகம் அறிந்த ஸ்ரீபெரும்புதூர், இன்று ஒரகடம் வரை நீண்டு ஒரே ஆலைத் தொடராகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இலும் 2012இலும் பெரிய வாகன ஆலைகள் திறக்கப்பட்டன. இங்கே 2006இல் தொடங்கிய கைப்பேசி ஆலையொன்று 2014இல் மூடப்பட்டதையும் நாம் பார்த்தோம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள் கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுச்சாலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்றால், ஷிப்டு பேருந்துகள் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் ஓயாது. சுற்றியுள்ள ஊர்களில் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் எழுந்த பாயில் மற்றொருவர் படுக்கிறார். அந்த அறைகளில் மூன்று பொருள்களை நான் தவறாமல் கண்டிருக்கிறேன்: தண்ணீர்க் கேன், கைப்பேசி மின்னேற்றி, ஓரம் தேய்ந்த ஒரு சீட்டுக்கட்டு. அறைகளுக்குள் நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். என் மாணவர்கள் பலர் படித்து முடித்து அங்குதான் தங்கியிருக்கிறார்கள். நம் வட்டத்தில் கவிதை படிப்பவர்களும் சிலர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

அப்படிப்பட்ட மாணவன் ஒருவன் 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தான். இளங்கலைத் தமிழ் படித்தவன். வகுப்பில் நளவெண்பாவின் கலிதொடர் காண்டத்தை நடத்தும்போது ஓயாமல் கேள்வி கேட்டவன். ஒரகடம் பக்கத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தப் பணியில் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, பதினைந்தாயிரம் வேண்டும். தை மாதம் கொடுத்துவிடுகிறேன்" என்றான். எதற்கு என்று கேட்டேன். முதலில் அறை வாடகை என்றான். பிறகு, கைப்பேசியில் பணம் வைத்து ரம்மியும் போக்கரும் ஆடி இழந்ததைச் சொன்னான். அவன் பேச்சில் எனக்கு வியப்பளித்தது ஒன்று உண்டு. தான் அறியாமல் இழக்கவில்லை, எல்லாக் கணக்கும் தெரிந்தே இழந்ததாகச் சொன்னான். அது எப்படி முடியும் என்று கேட்டேன். "சீட்டுக்கட்டு இருக்கிறதா? காட்டுகிறேன்" என்றான்.

அன்று அவன் எனக்குக் கற்பித்தது, கைப்பேசியில் அவன் ஆடிய ஆட்டமன்று. 'ஏழு சீட்டு ஸ்டட்' என்னும் போக்கர் வகை. 2003ஆம் ஆண்டை ஒட்டி 'டெக்சாஸ் ஹோல்டம்' தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் பரவுவதற்கு முன், அமெரிக்கச் சீட்டரங்குகளில் பெரிதும் ஆடப்பட்டது இதுதான். தெரிவது எது, தெரியாதது எது என்பது இந்த ஆட்டத்தில்தான் கண்ணெதிரே பிரிந்து கிடக்கும் என்பதால் இதைத் தேர்ந்ததாகச் சொன்னான். நல்ல ஆசிரியனுக்குரிய தேர்வு அது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. எல்லாரும் சிறு தொகை ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முதலில் மூன்று சீட்டுகள்: இரண்டு மூடியவை, ஒன்று திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக மூன்று சீட்டுகள் திறந்தே வரும். ஏழாவது சீட்டு மீண்டும் மூடியபடி வரும். ஆக ஒருவர் முன் நான்கு திறந்த சீட்டுகள், மூன்று மூடிய சீட்டுகள். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் கட்ட வேண்டும். கட்ட விரும்பாதவர் தம் சீட்டுகளை எல்லாம் கவிழ்த்துவிட்டு விலகிவிடலாம். அவ்வாறு விலகியவரின் திறந்த சீட்டுகளும் கவிழ்ந்துவிடும். இந்தச் சிறு விதியை மறவாதிருங்கள். இன்றைய என் பேச்சு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எதிராளியின் முன் திறந்து கிடக்கும் சீட்டுகளை அவர்கள் 'போர்டு' என்கிறார்கள். பலகை என்பதே பொருள். இதைக் கேட்டவுடன் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. தொழில்நோய், என்ன செய்வது! எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் சூதுச் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறும் தொல்காப்பியர், அதனோடு நாயும் பலகையும் வந்து சேரும் முறையையும் கூறுகிறார். நாய் என்பது அங்கே காய், பலகை ஆடுகளம். சூதாட்டத்தின் கருவிகளுக்குப் புணர்ச்சி விதி வகுக்கும் அளவுக்கு அச்சொற்கள் வழக்கில் இருந்திருக்கின்றன.

என் உணவு மேசையில் ஏழு பேருக்குச் சீட்டுப் போட்டான். ஆளில்லாத ஐந்து இடங்களுக்கும் அவனே ஆடினான். பணத்துக்குப் புளியங்கொட்டை. நான்கைந்து ஆட்டங்கள் கழித்து வந்த ஓர் ஆட்டத்தை விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் அதைத்தான் நான் மறக்கவில்லை.

ஐந்து இடங்களும் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. நானும் அவனும் எஞ்சினோம். இருவருக்கும் ஆறு சீட்டுகள் வந்துவிட்டன. அவன் முன்னால் திறந்திருந்தவை ஸ்பேடு மூன்று, ஸ்பேடு பத்து, ஸ்பேடு ஆறு, ஸ்பேடு ஆஸ். நான்கும் ஒரே இனம். மூடிய சீட்டுகளில் இன்னும் ஒரே ஒரு ஸ்பேடு இருந்தால் போதும், ஐந்தும் ஓரினமாகிய 'ஃப்ளஷ்' அமைந்துவிடும். என்னிடம் இரண்டு ராணி, இரண்டு எட்டு, அவற்றோடு ஸ்பேடு ஐந்து, டைமண்ட் இரண்டு. இரட்டை இணை. ஃப்ளஷ் அதை வென்றுவிடும். ஆனால் எனக்கு ஏழாவது சீட்டாக இன்னொரு ராணியோ எட்டோ வந்தால், மூன்றும் இரண்டுமாக 'ஃபுல் ஹவுஸ்' ஆகும். அது ஃப்ளஷை வெல்லும். அவன் பந்தயம் கட்டினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றான்.

"என் சீட்டை."

"எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். போன சீட்டைச் சொல்லுங்கள்."

விலகிய ஐந்து பேர் கவிழ்க்குமுன் திறந்து காட்டிய சீட்டுகள் மொத்தம் ஆறு. அவை என்னென்ன என்று கேட்டான். எட்டுத்தொகை நூல்களின் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் வரிசை பிறழாமல் சொல்வேன். ஐந்து நிமிடத்துக்கு முன் என் கண்ணெதிரே கிடந்த ஆறு சீட்டுகளில் எனக்கு இரண்டுதான் நினைவில் இருந்தன. அவனுக்கு ஆறும் நினைவிருந்தது: நான்கு ஸ்பேடுகள், டைமண்ட் ராணி, ஹார்ட்டின் எட்டு.

இனி அவன் போட்ட கணக்கைக் கேளுங்கள். கட்டில் 52 சீட்டுகள். என் கையில் 6, அவன் முன் திறந்தவை 4, போனவை 6. இந்த 16 போக எனக்குத் தெரியாதவை 36. நான் எதிர்பார்த்திருந்த ராணியும் எட்டும் நான்கல்லவா? அவற்றுள் இரண்டு போய்விட்டன. எஞ்சியவை இரண்டே. 36இல் 2, பதினெட்டில் ஒரு வாய்ப்பு. போன ஆறில் ராணியும் எட்டும் இல்லாதிருந்தால் 36இல் 4. ஒன்பதில் ஒரு வாய்ப்பு. என் கைச்சீட்டு அதேதான். அதன் உயிர் பாதியாகிவிட்டது. வர வேண்டிய சீட்டு இன்னும் கட்டில் இருந்தால் அதை 'உயிருள்ள சீட்டு' என்கிறார்கள். நல்ல சொல்லாட்சி. நான் செத்த சீட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவன் பக்கத்தையும் பாருங்கள். ஸ்பேடு இனத்தில் 13. அவன் முன் நான்கு, என்னிடம் ஒன்று, போனவற்றில் நான்கு. எஞ்சியவை நான்கே. அவனுடைய மூடிய சீட்டுகள் எவ்விதத் தெரிவுமின்றித் தாமாக வந்தவை என்று கொண்டால், மூன்றில் ஒன்றேனும் ஸ்பேடாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது. போன ஆறில் ஒரே ஒரு ஸ்பேடு மட்டும் இருந்திருந்தால் அது நூற்றுக்கு நாற்பத்தொன்பது ஆகியிருக்கும். ஆக, கண்ணுக்கு அச்சுறுத்தலாகத் தெரிந்த அந்தப் பலகை உண்மையில் தோற்றமளித்த அளவு வலியதன்று. என் கையும் நான் நினைத்த அளவு வலியதன்று. இரண்டையும் மாற்றியவை கவிழ்ந்து போன ஆறு சீட்டுகள். வலிய பலகையைக் காணும்போது நாம் அதையே பார்க்கிறோம், அல்லது நம் கையைப் பார்க்கிறோம். போனதைப் பார்ப்பதில்லை.

"அப்படியானால் உன்னிடம் ஃப்ளஷ் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம், நான் கட்டலாம் அல்லவா?" என்றேன். கணக்கைப் புரிந்துகொண்ட மகிழ்ச்சி எனக்கு.

அவன் தலையசைத்தான். "முப்பது என்பது சீட்டின் கணக்கு. என் கணக்கு வேறு. நான் முதலில் எதைத் திறந்து வைத்தேன்?" ஸ்பேடு மூன்று. "பக்கத்து இடத்தில் ராஜா திறந்திருந்தது, அந்த இடம் முதல் சுற்றிலேயே பந்தயத்தை உயர்த்தியது. மூன்றை வைத்துக்கொண்டு நான் ஏன் கட்டினேன்?" மூடிய இரண்டும் ஓர் இணையாக இருக்கலாம். மூடியவற்றில் இன்னொரு மூன்று இருக்கலாம். அல்லது இரண்டும் ஸ்பேடாக இருந்து, தொடக்கத்திலேயே மூன்று ஓரினச் சீட்டுகள் சேர்ந்திருக்கலாம். வேறு காரணத்துக்கு அறிவுள்ளவன் உள்ளே வரமாட்டான். ஒவ்வொரு ஸ்பேடும் விழுந்தபோது அவன் எவ்வாறு கட்டினான் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த முப்பது மேலே ஏறிவிடுகிறது. மூடிய சீட்டு என்ன என்பதை அவனுடைய முந்தைய செயல்கள் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தவர் நம் வள்ளுவர். முகத்தை நோக்கி அகத்தை அறியச் சொன்னார். சீட்டாட்டக்காரனின் முகம் பொய் சொல்லலாம். அவன் பணம் வைத்த வரிசை அவ்வளவு எளிதாகப் பொய் சொல்லாது என்று நினைக்கிறேன்.

சூது என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தில் இந்த விளையாட்டை முற்றாக விலக்கும் அதே ஆசான், நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் வலியறிதலைக் கூறுகிறார். செய்யப்போகும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, இருபுறமும் துணையாவாரின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்வது அவர் கருத்து. அன்று என் உணவு மேசையில் நான் தூக்கிப் பார்த்தது ஒன்றே ஒன்று. அது தன் வலிமை. அதையும் தவறாகத் தூக்கினேன்.

பந்தயக் கணக்கையும் சொல்லி முடித்துவிடுகிறேன். நடுவில் பத்துக் கொட்டைகள் இருந்தன; நான் கட்ட வேண்டியது ஒன்று. அவனிடம் ஃப்ளஷ் இருப்பது உறுதி என்று கொண்டால், ஒன்பதில் ஒன்று என்னும் வாய்ப்புக்கு ஒன்றைக் கட்டிப் பத்தை எதிர்பார்ப்பது தகும். எட்டு முறை ஒவ்வொன்று இழப்பேன். ஒரு முறை பத்தைப் பெறுவேன். பதினெட்டில் ஒன்று என்னும் வாய்ப்புக்கு அது தகாது. பதினேழு இழந்து பத்தைப் பெறுவது எந்த ஊர் வாணிகம்? ஃப்ளஷ் உறுதியில்லை என்றால் கணக்கு மாறும். என் இரட்டை இணையே வெல்லக்கூடும். எனவே விடை ஒரே வரியில் அமையாது. அந்த ஆட்டத்தில், அவன் தொடக்கம் முதல் கட்டிவந்த முறையை வைத்துப் பார்த்தால், கவிழ்த்திருக்க வேண்டும் என்பதே இன்று என் முடிவு.

அன்று நான் கட்டினேன்.

ஏழாவது சீட்டு எனக்கு உதவவில்லை. அவன் மீண்டும் கட்டினான், நானும் கட்டினேன். திறந்து காட்டினான். முதலில் வந்த மூடிய சீட்டுகள் இரண்டுமே ஸ்பேடு. ஐந்தாவது சீட்டு விழுந்தபோதே அவனுக்கு ஃப்ளஷ் அமைந்துவிட்டிருந்தது.

"கணக்கு எல்லாம் சொன்ன பிறகும் ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்டான்.

"இவ்வளவு வைத்தாயிற்றே."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அதுதான் அம்மா நானும்" என்றான்.

நடுவில் கிடக்கும் கொட்டைகளில் சில என் கையிலிருந்து போனவை. அவை போனபோதே என்னுடையவை அல்ல. அடுத்து வைக்கப் போகும் ஒரு கொட்டையைப் பற்றித்தான் நான் முடிவு செய்ய வேண்டும். இதை அறிவால் ஒப்புவது எளிது. கை ஒப்புவதில்லை. கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து நாள் பாடுபட்டு எழுதிய ஒரு வரி கவிதைக்கு ஒவ்வாது என்று தெரிந்த பின்னும் அதை அடிக்க மனம் வராமல், அதைச் சுற்றி மேலும் எட்டு வரி எழுதியவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். மாதக் கூட்டங்களில் நானே கேட்டிருக்கிறேன்.

நம் பக்கத்து ரம்மி ஆட்டம் இதை வேறுவிதமாகக் கையாள்கிறது. பதின்மூன்று சீட்டும் மூடியே இருக்கும். எதிராளி கழித்துப் போட்டதும், திறந்த அடுக்கிலிருந்து எடுத்ததும் மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் விலகுவதற்கு அங்கே விலை எழுதியே வைத்திருக்கிறார்கள். 101 ஆட்டத்தில் ஒரு சீட்டும் எடுக்காமல் ஸ்கூட் சொன்னால் 20 புள்ளி. இடையில் விலகினால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை போகும். காலம் தாழ்த்தத் தாழ்த்த விலை ஏறும் என்பதை விதியே சொல்லிவிடுகிறது. வலியறிதலை அடுத்துக் காலமறிதலை வைத்தார் வள்ளுவர் என்பதை இங்கே நினைக்கலாம்.

இனி நளனிடம் வருகிறேன். வியாச பாரதத்தின் வனபருவத்தில் வரும் காட்சி. நாட்டையும் மனைவியையும் இழந்து உருமாறிய நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரம். திரிபலையில் சேரும் அதே தான்றி. அதன் காய்களையே பண்டைக் காலத்தில் சூதுக்குக் கவறாக உருட்டினார்கள். இருதுபன்னன் தேரில் இருந்தபடியே அம்மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. வியந்து, அந்த வித்தையைத் தனக்குக் கற்பிக்கக் கேட்கிறான். மாற்றாகத் தன் குதிரை நூலைத் தர ஒப்புகிறான். எண்ணும் வித்தையும் கவற்றின் உள்ளமும் கைவந்த அந்தக் கணத்தில்தான் கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான்.

இதை நான் இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கண்ணில் படாதிருந்த ஒன்று அந்த மாலைக்குப் பிறகுதான் பட்டது. இருதுபன்னன் எண்ணத் தொடங்குவது எதிலிருந்து? தரையில் உதிர்ந்து கிடந்தவற்றிலிருந்து. உதிர்ந்தவை மரத்தில் உள்ளவற்றைவிட எவ்வளவு மிகுதி என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கிளைகளுக்குப் போகிறான். போன ஆறு சீட்டுகளை என் மாணவன் சொன்னானே, அதே நெறி. கவற்றுக்கு நினைவு இல்லை. ஒவ்வோர் உருட்டலும் புதிது. மரத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் நினைவு உண்டு. உதிர்ந்தது இனி கிளையில் இராது. இயான் ஹாக்கிங் என்னும் மெய்யியலறிஞர், நிகழ்தகவுச் சிந்தனையின் தோற்றம் குறித்து 1975இல் வெளியிட்ட நூலில் இந்தக் காட்சியை எடுத்துக் காட்டுகிறார். ஐரோப்பாவில் இக்கணக்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் பாஸ்கல், ஃபெர்மா கடிதங்கள் 1654ஆம் ஆண்டினவை. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது தான்றி மரம். இப்படிச் சொல்வது பெருமை பேசுவதற்காக அன்று. நம் ஆய்வுகளில் எவரும், நான் உட்பட, அந்த மரத்தடியில் போதிய நேரம் நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்வதற்காக. சூதில் தோற்றவனின் துயரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அவன் கற்ற கணக்கைப் பற்றி அரைப் பக்கம்.

நீதிமன்றங்களும் இந்தக் கணக்கோடு நெடுங்காலம் போராடியிருக்கின்றன. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தேர வேண்டும் என்பதால் ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. மூணு சீட்டு போன்றவற்றை அதிலிருந்து பிரித்தது. தமிழ்நாட்டில் பணம் வைத்து இணையவழி ஆடுவதைத் தடுத்து 2021இல் வந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் திறன் ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடை செய்த பகுதியை மட்டும் உயர் நீதிமன்றம் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறனா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து இணையவழி ஆடும் எல்லாவற்றையும் தடை செய்தது. சட்டம் படித்தவர்கள் இதை எவ்வாறேனும் வாதிடட்டும். திறன் உள்ள ஆட்டம் என்பதை நான் மறுக்கமாட்டேன். என் வீட்டு மேசையில் அதைக் கண்டேன். அந்தத் திறன் முழுமையாக இருந்த பிள்ளைதான் என்னிடம் பதினைந்தாயிரத்துக்கு வந்து நின்றான்.

பணத்தைக் கொடுத்தேன். தை மாதம் வந்தான். திருப்பித் தருவதற்கு அன்று, இன்னும் பத்தாயிரம் கேட்பதற்கு. கொடுக்கக் கூடாது என்று என் கணவர் சொன்னார். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனாலும் ஐந்தாயிரம் கொடுத்தேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலில் பதினைந்தாயிரம் கொடுத்திராவிட்டால் இரண்டாவது முறை ஐந்தாயிரம் கொடுத்திருப்பேனா? இவ்வளவு செய்தாயிற்றே, இந்தப் பிள்ளையை இப்போது எப்படிக் கைவிடுவது என்றுதான் கொடுத்தேன். நான் கொட்டை வைத்துக்கொண்டிருந்தேன். 2023 ஆடியில் மூன்றாம் முறை வந்தான். இல்லை என்றேன். பணத்துக்குப் பதிலாக, ஊரிலிருக்கும் அவன் தாயாரிடம் நான் பேசுவதாகவும், மனநல மருத்துவரிடம் உடன் வருவதாகவும் சொன்னேன். "நீங்களுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அந்த முடிவு சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சீட்டில் கவிழ்த்துவிட்டுப் போனால் ஆட்டம் முடிந்தது. அடுத்த கட்டு வரும். மாணவனைக் கவிழ்க்க முடியாது. அவன் முகம் என் முன் திறந்திருந்தது. உள்ளே மூன்று சீட்டுகள் மூடியிருந்தன. அவனுடைய முந்தைய செயல்களை வைத்து அவற்றைக் கணித்தேன். கணிப்பு தவறியிருக்கலாம். வேறு என்ன செய்திருக்கலாம் என்று உங்களில் எவருக்கேனும் தோன்றினால், கூட்டம் முடிந்தபின் என்னிடம் சொல்லுங்கள். மேடை நாகரிகத்துக்காக இதைக் கேட்கவில்லை.

சென்ற பங்குனியில் அவனிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஊருக்குப் போய்விட்டானாம். கடன் இன்னும் தீரவில்லை. ஆடுவதை விட்டு ஓராண்டுக்கு மேலாகிறதாம். பணத்தைப் பற்றி ஒரு வரி. அதன்பின், வகுப்பில் கேட்ட பழைய கேள்வி ஒன்று. எண்ணும் வித்தையைக் கற்றுக் கலி நீங்கிய பிறகும் நளன் புட்கரனோடு மீண்டும் ஏன் ஆடினான்? அதுவும் இம்முறை தமயந்தியையும் பணயமாக வைத்து?

வகுப்பில் அன்று நான் சொன்ன விடை உரையாசிரியர்களின் விடை: இழந்த நாட்டை மீட்பது அரசன் கடன் என்பது. அது அவனுக்குப் போதவில்லை. இப்போது எனக்கும் போதவில்லை. நாட்டையெல்லாம் தோற்று, திருப்பிக் கொடுக்கப்பட்டு, அழைத்தவுடன் மறுபடியும் போய் உட்கார்ந்த தருமனுக்கும் இரண்டாவது ஆட்டம் ஒன்று உண்டு. அவன் கணக்கு அறியாமல் உட்கார்ந்தான். வனத்தில் பிருகதசுவ முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்லி, அந்த வித்தையையும் கற்பித்தார். பின்னர் விராடன் அவையில் கங்கன் என்னும் பெயரோடு ஓராண்டு சூதாடிப் பொழுது போக்கினான். அங்கே அவன் எதையும் இழக்கவில்லை; ஆயினும் ஆடினான். நளனும் ஆடினான், வென்றான், தம்பியை மன்னித்தான். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடனோடு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, கணக்கு முழுதும் தெரிந்தால் ஒருமுறை மீண்டும் ஆடலாம் என்று அந்தக் கதை சொல்கிறதா? சொல்கிறது என்றால் அதை நான் எப்படி நடத்துவது?

அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. வரும் பருவத்தில் கலிநீங்கு காண்டம் பாடமாக இருக்கிறது.